பதினாறாயிரத்து எண்ணூறு வெள்ளி

முதலில் வந்தவர் ஆ லோக்.
செருப்பைக் கழற்றாமல் குளியலறை வாசலில் நின்று
சுவரை விரல் முட்டியால் தட்டினார்.
சுவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்,
தலையை ஆட்டிக்கொண்டார்.
"பைப் எல்லாம் பழசு. உடைச்சாத்தான் தெரியும்."
சிகரெட் பெட்டியைக் கிழித்து அட்டையில் எழுதித் தந்தார்:
பதினாறாயிரத்து எண்ணூறு.

ஆறடிக்கு ஐந்தடி அறை.

எங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றியபோது
பலகைக்கு மட்டும்தான் செலவு.
பஸ்ஸில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் இறங்குகிறோம்.
ஒரு பீங்கானை மாற்றுவது அப்படியில்லை.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கு.
லோரி ஏறும், எண் எரியும், எழுதுவேன்.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பி வரும், கழிப்பேன்.
வெறும் லோரியின் எடை தெரியாமல்
சரக்கின் எடை தெரியாது.
அன்றிரவு அந்த அட்டையையும் அப்படித்தான் பார்த்தேன்.
இதில் டைல் எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு,
வெறும் லோரி எவ்வளவு?

அமலதாசனுக்கு இடது கால் இழுத்துக்கொண்டு பதினோரு மாதம்.
குந்த முடியாது.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில்
வட்டமாக அறுத்து, கீழே வாளி வைத்திருந்தோம்.
வாளியை எடுக்கும்போதெல்லாம் அவர்
நாள்காட்டியைப் பார்ப்பார்.
நாங்கள் கேட்டது உட்காரும் பீங்கான் ஒன்று,
பிடித்து எழ ஒரு கம்பி,
வழுக்காத தரை.

அடுத்து கலைநேசன். கோயில் கமிட்டி, நெற்றியில் சந்தனம்.
"நம்ம ஆளுக்கு நாமே செய்யலேன்னா எப்படிக்கா?"
பதினோராயிரம். பாதி முன்பணம்.
இரண்டு நாள் உடைத்தார்கள்.
மூன்றாம் நாள் மழை.
நான்காம் நாள் ரவாங்கில் அவசர வேலை.
பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.
ஐந்தாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு
எங்கள் வீட்டுக்குள் ஒரு குழி.

பக்கத்து வீட்டு ஹாஸ்னா பின்கதவுச் சாவியைக் கொடுத்தார்,
எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.
ஒரு காலத்தில் நாற்பது பேரை விரட்டி வேலை வாங்கிய மண்டோர்
துண்டைத் தோளில் போட்டு, கால்வாய் ஓரமாகக் காலை இழுத்துப் போய்
அவர் வீட்டு வாசலில் இருமுவார்.
இருமலுக்கு அர்த்தம், வரலாமா.

ஆறாவது ஞாயிறு சுகியோனோ வந்தான்,
தரையை உடைத்த அதே பையன்.
கலைநேசனைத் தேடித்தான் வந்திருந்தான்.
"எனக்கும் சம்பளம் வரல, காக்."
நாளுக்கு எவ்வளவு என்றேன்.
எண்பத்தைந்து.
வாய்க்குள்ளேயே கழித்துப் பார்த்தேன்.
சரக்கைவிட லோரிதான் கனம்.

நீயே முடித்துத் தருவாயா?
நூற்றைம்பது கேட்டான்.
நூற்றிருபது என்று சொல்லிவிட்டேன்,
நாக்கு தானாகச் சொன்னது.
குழியைப் பார்த்தான், சரி என்றான்.
அந்த முப்பது வெள்ளி இன்னும் என் கணக்கில்
எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் நிற்கிறது.

இரும்புக் கடையில் மிச்ச டைல், இரண்டு நிறம்,
பாதி சாம்பல், பாதி வேர்க்கடலைத் தோல்.
ஐந்து ஞாயிறு.
நான் சிமெண்ட் குழைத்தேன்.
அமலதாசன் நாற்காலியில் உட்கார்ந்து
மட்டம் பார்த்தார், மண்டோர் குரலில்.
ஆனாலும் வாட்டம் சரியில்லை,
கதவோரம் ஒரு தட்டு அளவு தண்ணீர் தேங்கும்.

திங்கள் காலை அவர் கம்பியைப் பிடித்து உள்ளே போனார்.
தாழ்ப்பாள் விழுந்தது.
நான் வெளியே வாளியோடு நின்றேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான்
வாளி எதற்கு என்று தோன்றியது.

போன வியாழன் பாசார் மாலாமில்
கலைநேசன் எதிரே வந்தான்.
"என்னக்கா, வேலையெல்லாம் முடிஞ்சுதா?"
முடிஞ்சுது என்றேன்.
அவன் கையில் ரம்புத்தான் பை.
கொத்தோடு, இலையோடு,
இரண்டு கிலோவுக்கு மேல் இருக்காது.